ஒரு சாண் உள்ளே

காபியில் சர்க்கரை போதவில்லை என்றால் சொல்லுங்கள். அப்பாவுக்கு நீரிழிவு வந்ததிலிருந்து எங்கள் வீட்டில் கை தானாகக் குறைத்துத்தான் போடுகிறது.

சுடர்விழியைப் பற்றி உங்கள் பத்திரிகையில் பெரிய கட்டுரை வரப்போகிறது என்றீர்கள். மாலத்தீவிலும் தாய்லாந்திலும் சம்பளம் வாங்கிக்கொண்டு வாலிபால் ஆடிய எங்கள் ஊர்க்காரி. அவள் உயர்வுக்கு யார் காரணம் என்று ஊரில் விசாரித்திருக்கிறீர்கள். சிலர் கோச் சாரங்கபாணி சார் என்றார்களாம். சிலர் மாதா கோயிலைக் காட்டினார்களாம். மாதாவுக்கு வாலிபால் தெரியாது. காரணம் நான். நிதானமாகச் சொல்கிறேன், நிதானமாக எழுதிக்கொள்ளுங்கள்.

நான் இயற்பியல் பட்டதாரி. அதிகம் பேசமாட்டேன். அணியில் நான் செட்டர். பின்னாலிருந்து வரும் பந்தை விரல்நுனியில் வாங்கி, வலையோரம் உயரமாக எடுத்துக் கொடுக்க வேண்டும். அடிக்கிறவள் ஓடிவந்து எம்பி அடிப்பாள். கைதட்டல் அவளுக்கு. செட்டரின் பெயர் மைக்கில் வருவது செட்டர் தப்புச் செய்தால் மட்டும்தான். நான் தப்பே செய்யாததால் என் பெயர் வந்ததே இல்லை.

அடிக்கிறவள் சுடர்விழி. அவள் அம்மா வேம்பு எங்கள் வயலில் நடவுக்கு வருகிறவள். நாங்கள் வித்தியாசம் பார்க்கிறவர்கள் இல்லை, கிறிஸ்தவர்கள். சுடர்விழிக்கென்றே ஒரு எவர்சில்வர் டம்ளர் வாங்கி, அதில் அவள் பெயரை வெட்டி, கொல்லைப்புற மாடத்தில் வைத்திருந்தோம். வேறு யாரும் அதில் குடித்துவிடக் கூடாது என்று அம்மா மிகவும் கவனமாக இருப்பார். என் பெயர்கூட எங்கள் வீட்டில் எந்தப் பாத்திரத்திலும் கிடையாது.

வீட்டுக்கு வந்தால் என்னைப் பாப்பா என்பாள். மைதானத்தில் "எல்சி, குடுடி" என்று கத்துவாள். ஆட்டத்தில் அப்படித்தான் கத்த முடியும். நான் அதை ஒருபோதும் தப்பாக எடுத்துக்கொண்டதில்லை.

புதுக் கம்பெனிகள் வந்துகொண்டிருந்த வருஷங்கள் அவை. ஊருக்குக் கேபிள் டி.வி. வந்திருந்தது. எஸ்.டி.டி. பூத்துக்குக் கண்ணாடிக் கதவு வந்திருந்தது. சென்னைக்கு வந்த ஒரு வெளிநாட்டுக் கம்பெனி பெண்கள் அணி தொடங்கியது. மாதச் சம்பளம், தங்க ஃபிளாட், விமானத்தில் போய் ஆடலாம். ஈஸ்டரை ஒட்டி எங்கள் ஊரில் நடக்கும் போட்டிக்கு அவர்களுடைய ஆள் வருவதாக இருந்தது. அறுவடை முடிந்த எங்கள் வயலில் தண்ணீர் பாய்ச்சி, வெடிப்புகளை மூடி, உருளை ஓட்டித்தான் வருஷாவருஷம் மைதானம் போடுவார்கள்.

சாரங்கபாணி சார் வீட்டுக்கே வந்து சொன்னார். "அடிக்கிற பொண்ணு மட்டும் போதும்னுட்டாங்கம்மா. செட்டரை வேற ஊர்லேருந்து எடுத்துட்டாங்களாம்."

அன்று மதியம் அப்பா சாப்பிட்டுக்கொண்டே கொல்லைப் பக்கம் பார்த்துப் பேசினார். "ஏ வேம்பு, ஒம்மவ மெட்ராசுல மாடி வீட்டுல ஒக்காந்துட்டா, நடவுக்கு ஆள் கேட்டு நான் பஸ் புடிச்சுல்ல வரணும்?"

வேம்பு சிரித்தாள். "நீங்க ஏங்கய்யா பஸ்ஸுல வர்றீங்க. கார் அனுப்பச் சொல்றேன்."

அப்பா சிரித்தார். நல்ல ஜோக்தான். நானும் சிரித்தேன். சாப்பாடு மட்டும் இறங்கவில்லை. வெயில் காலம்.

எனக்கு அவளைப் பற்றிக் கவலையாக இருந்தது. மெட்ராஸ் பெரிய ஊர். அவளுக்கு ஆங்கிலம் வராது. லிஃப்டில் எந்தப் பொத்தானை அமுக்குவது என்றுகூடத் தெரியாது. எனக்கும் தெரியாது, ஆனால் நான் போகவில்லையே. அவள் நல்லதுக்கு யாராவது ஏதாவது செய்தாக வேண்டும் என்று பட்டது.

இதைக் கொஞ்சம் கவனமாகக் கேளுங்கள். பந்தை வலையிலிருந்து ஒரு முழம் தள்ளிக் கொடுத்தால், அடிக்கிறவள் எம்பி அடித்துவிட்டுத் தன் பக்கத்திலேயே இறங்குவாள். அதுவே வலைப்பக்கமாக ஒரு சாண் உள்ளே போனால், பந்தைத் துரத்திக்கொண்டு எம்புவாள். உடம்பின் வேகம் அவளை வலைக்கு அடியில் கொண்டுபோய்விடும். அங்கே, தடுக்க எம்பிய எதிரணிப் பெண் இறங்கிக்கொண்டிருப்பாள். அவள் காலின்மேல் இவள் கால். அப்போது முட்டி எந்தப் பக்கம் திருகும் என்பது எளிய கணக்கு. பரீட்சையில் கேட்கமாட்டார்கள். யாருக்கும் எதுவும் தெரியாது, ஏனென்றால் மொத்தக் கூட்டமும் அண்ணாந்து பந்தைப் பார்த்துக்கொண்டிருக்கும்.

தவறுதலாக நடந்தது என்று நீங்கள் எழுதிக்கொள்ளலாம். ஆனால் தவறுதலாக நடக்க நான் நிறையப் பழக வேண்டியிருந்தது. நெல் கொட்டும் அறைச் சுவரில் கரியால் கோடு போட்டு, எல்லோரும் மதியத் தூக்கத்தில் இருக்கும்போது பழகினேன்.

இறுதி ஆட்டம் நாகப்பட்டினத்து அணியோடு. அவர்களுக்கு வலையோரம் ஹலீமா என்றொரு பெண். மேலே போகும்போது சாதாரணமாகப் போவாள், கீழே வரும்போது நெல்மூட்டை மாதிரி வருவாள். வரப்பில் உட்கார்ந்திருந்த பையன்கள் கத்தினார்கள். "ஏ சுடரு, பாத்து அடி. பந்து ஒண்ணுதான் இருக்கு." கம்பெனி ஆள் பந்தலில் நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டார்.

ஒரு சாண் உள்ளே கொடுத்தேன். விழுந்தாள். முட்டியைப் பிடித்துக்கொண்டாள்.

"வெளிய வந்துரும்மா, ஆடாத" என்று சாரங்கபாணி சார் கத்தினார்.

அவள் அவரைப் பார்க்கவில்லை. என்னைப் பார்த்தாள். "என்னடி பண்ணட்டும்?"

"ஒண்ணுமில்ல, நரம்பு புடிச்சிருக்கு. கம்பெனிக்காரர் பாத்துட்டு இருக்காரு. எந்திரிச்சு ஆடு" என்றேன்.

எழுந்தாள். நான் சொன்னால் கேட்பாள்.

முதல் பந்தில் வெறும் சுளுக்குத்தானாம். கொஞ்ச நாள் படுத்திருந்தால் சரியாகியிருக்கும் என்று பிறகு டாக்டர் சொன்னார். எனக்கும் அது சுளுக்கு என்றுதான் பட்டது. அதனால் அடுத்த பந்தையும் அவளுக்கே கொடுத்தேன், அதே இடத்தில். இந்தத் தடவை இன்னும் சுத்தமாக வந்தது. கரும்பைத் தொடையில் வைத்து ஒடித்தால் ஒரு சத்தம் வருமே, அது எனக்குக் கேட்டது. முதல் தடவையாக என் பெயர் மைக்கில் வந்தது: "எல்சி அருமையாக எடுத்துக் கொடுத்தார், சுடர்விழி தவறவிட்டார்."

கம்பெனி ஆள் பரிசளிப்புக்குக்கூட நிற்கவில்லை.

நான் அவளைக் கைவிட்டுவிடவில்லை. ஹார்லிக்ஸ் பாட்டிலோடு அவள் வீட்டுக்கே போனேன். அதுவரை அந்தத் தெருவுக்குள் நான் கால் வைத்ததில்லை. அவளுக்காக எவ்வளவு இறங்கிப் போயிருக்கிறேன் என்று பாருங்கள். வேம்பு பாயை விரித்து, "ஒக்காருங்க பாப்பா" என்றாள். அவசர வேலை இருந்ததால் நின்றுகொண்டே வந்துவிட்டேன்.

அடுத்த வருஷம் ஆட்டத்தில் புது விதி வந்தது. லிபரோ என்று ஓர் இடம். வேறு நிறச் சட்டை போட்டுக்கொண்டு பின்வரிசையில் மட்டும் ஆட வேண்டும். எம்பி அடிக்கக் கூடாது. எதிரி அடிக்கும் பந்தைத் தரையில் விழாமல் எடுத்துச் செட்டரிடம் சேர்ப்பதுதான் வேலை. சாரங்கபாணி சார் அதைப் படித்துவிட்டு, இனி எம்பக் கூடாது என்று டாக்டர் சொல்லியிருந்த அவளிடம் ஓடினார். வேம்பு சேற்றுக் காலோடு வந்து நின்று பந்தை வீச வீச, இவள் புழுதியில் விழுந்து விழுந்து எடுத்தாள். அதே கம்பெனி அவளைக் கூப்பிட்டது. பிறகு மாலத்தீவு. பிறகு தாய்லாந்து.

அவள் காலத்தில் எம்பி அடித்தவர்கள் எல்லோரும் முட்டி தேய்ந்து எப்போதோ வீட்டுக்குப் போய்விட்டார்கள். இவள் எம்பவே இல்லை, நீடித்து ஆடினாள். அந்த நீண்ட ஆட்டத்தை அவளுக்குக் கொடுத்தது யார்? நீங்களே சொல்லுங்கள்.

போன மாதம் தஞ்சாவூரில் அவளுக்குப் பாராட்டு விழா. பழைய அணி சார்பில் நான்தான் பொன்னாடை போர்த்தினேன். ஃபோட்டோவுக்குச் சிரித்தபடியே என் காதருகில் குனிந்தாள்.

"மொத பந்து கை தவறிடுச்சுன்னுதான் நெனச்சேன், எல்சி. ரெண்டாவது பந்து ஒங்கைய விட்டு வர்றப்பவே தெரிஞ்சிடுச்சு. ஆனாலும் எம்பிட்டேன். நீ குடுத்தத விட்டுப் பழக்கமில்ல. அதுக்கப்புறம் எந்தச் செட்டரையும் நம்பி நான் எம்பல. அவளுவதான் நான் குடுக்குற பந்துக்குக் காத்துக்கிட்டு நின்னாளுவ."

அந்த ஃபோட்டோவில் இருவரும் நன்றாக விழுந்திருக்கிறோம். கட்டுரைக்கு அதையே போட்டுக்கொள்ளுங்கள். அவள் என்ன சொல்ல வந்தாள் என்று எனக்கு அப்போதே புரிந்துவிட்டது. நேராக நன்றி சொல்லிப் பழகாத ஜனங்கள், தம்பி. நாமாகத்தான் எடுத்துக்கொள்ள வேண்டும்.