மூன்றாம் வளைவில் நின்றவள்

மலைச் சைக்கிள் மன்றத்தின் இரண்டாம் ஆண்டு விழாவுக்குத் தலைமை ஏற்று வீற்றிருக்கும் பெருமதிப்புக்குரிய சுயம்புராஜ் அவர்களே, செயலாளர் தம்பி குமாரதாஸ் அவர்களே, அருமனையின் மூத்தோர்களே, ரப்பர் பால் வெட்டிக் காய்த்த கைகளோடு முன்வரிசையில் அமர்ந்திருக்கும் என் தாய்மார்களே, பின்னால் சைக்கிளைச் சாய்த்து நிற்கும் பிள்ளைகளே, உங்கள் அனைவருக்கும் ரீத்தாவின் கைகூப்பு.

என் மூத்த பேரன் ரெனிஷ் தம்மாமில் கிரேன் ஓட்டுகிறான்; அவன் தூக்கி வைத்த இரும்பு இருபது மாடி உயரத்தில் இன்றும் நிற்கிறது. பேத்தி பிரிஜா நர்சிங் முடித்துக் குவைத்தில் வேலை பார்க்கிறாள். அனீஷ் பாலிடெக்னிக்கில் முதல் வகுப்பு. கடைக்குட்டி அஜிஷா, வயது பதினாறு, உங்கள் மன்றத்தின் சைக்கிள்காரி. போதும் என்கிறாரா அங்கே ஒருவர்? எனக்குப் போதாது மக்கா, ஆனாலும் நிறுத்துகிறேன்.

வாழ்த்துரை என்று நோட்டீசில் போட்டிருக்கிறீர்கள். வாழ்த்த மட்டும் நான் வரவில்லை. பெண்பிள்ளைகளுக்கு இனி அந்த மலைக்காட்டில் சைக்கிள் போட்டி உண்டா, இல்லையா என்று இன்னும் சற்று நேரத்தில் நீங்கள் கை உயர்த்தப் போகிறீர்கள். போன மாதம் அஜிஷா விழுந்தாள் என்பதுதானே காரணம்? கை உயர்த்துமுன் அவள் விழுந்த கதையைக் கேளுங்கள்.

முப்பத்தொரு வருடம் அந்த மலைச்சரிவில் பால் வெட்டியவள் நான். கண்ணைக் கட்டிவிட்டாலும் காடு தெரியும் என்று நினைத்திருந்தேன். போட்டியன்று போய்ப் பார்த்தவள் திகைத்து நின்றேன். பலாமரத்துக்கும் அயினிமரத்துக்கும் நடுவே பாதைகள், ஒன்றா, இரண்டா, ஒன்பது. குளக்கரை போல மண் அணைத்த வளைவுகள். குவித்த மேடு, மேட்டுக்கு அப்பால் வெறும் காற்று. அந்தக் காற்றில் சைக்கிள் பறக்கிறது. மணி இல்லை, மட்கார்டு இல்லை, ஸ்டாண்டு இல்லை, ஒரு கேரியர்கூட இல்லை. எதையும் ஏற்றிவராத வண்டி எதற்கு மலை ஏறுகிறது என்று அஜிஷாவிடம் கேட்டேன். இறங்கத்தான் என்றாள். சிரிக்காதீர்கள் தாய்மார்களே, நீங்களும் அதையேதான் கேட்டிருப்பீர்கள்.

ஒவ்வொருத்தியாக, ஆளுக்கு மூன்று முறை மேலிருந்து விடுகிறார்கள். குறைந்த நேரத்தில் இறங்குகிறவளுக்கு வெற்றி. இரண்டு முறை அஜிஷாதான் முதல். மூன்றாம் முறை இறங்குமுன் பிள்ளைக்குத் தொண்டை வறண்டிருக்குமே என்று ஒரு குப்பி மோரை எடுத்துக்கொண்டு ஏறினேன். குறுக்கே கயிறு கட்டியிருந்தது, குனிந்து நுழைந்தேன். காட்டுப்பாதை என்றால் நடக்கிறவளுக்கு உரியது, ஏறவும் அதுதான், இறங்கவும் அதுதான். பாதைக்கு ஒரே போக்கு என்று என் ஆயுளில் நான் எங்கே கேட்டேன்?

மூன்றாம் வளைவு. தலைக்கு மேலே இலை விலகியது. மேட்டைத் தாண்டி அந்தரத்தில் வந்தாள் என் பேத்தி. நான் நடுப்பாதையில் நிற்கிறேன். அவள் கைப்பிடியைத் திருப்பினாள். பலாமரத்தில் மோதிப் புதருக்குள் கிடந்தாள். மணிக்கட்டு ஒடிந்திருந்தது. கிடந்தபடியே சொன்னாள்:

"பாட்டி, ஒங்களுக்கு ஒண்ணும் ஆகலியே? பாதைய விட்டு மாறுங்க, பொறத்தால இன்னொருத்தி வாறா."

நான் ஓரம் ஒதுங்கிய பிறகுதான் கூட்டம் ஓடிவந்தது. எப்படி விழுந்தாய் என்று கேட்டார்கள். பிரேக்கு பிடிக்கப் பிந்திவிட்டது என்றாள். என்னைக் காட்டிக் கொடுக்கவில்லை. நானாவது வாய் திறந்தேனா? இல்லை. நாலு பேர் என்ன நினைப்பார்களோ என்று வெட்கப்பட்டு, ஒரு மாதம் அந்தப் பொய்யின் நிழலில் இருந்தேன். அதற்குள் அன்று எடுத்த படத்தை மன்ற வாசல் பலகையில் ஒட்டினீர்கள். மண் அப்பிய முகம், மடங்கிய கை, அடியில் 'பெண்கள் கவனத்துக்கு' என்று எழுத்து. தம்பி குமாரதாஸ், நீங்கள் தலை குனிய வேண்டாம். குனிய வேண்டிய தலை இது.

மலையா தள்ளியது அவளை? சைக்கிளா தள்ளியது? பெண்ணாய்ப் பிறந்ததா தள்ளியது? நான் நின்றேன், அவள் விழுந்தாள். என் மேல் ஏற்றுவதா, மரத்தில் மோதுவதா? கண் இமைக்கும் நேரத்தில் மரத்தைத் தேர்ந்த கைக்கா ஓட்டத் தெரியாது என்கிறீர்கள்? தன் எலும்பு முறிந்து கிடக்கையிலும் பின்னால் வருகிறவளை நினைத்த பிள்ளைக்கா பாதை கிடையாது என்கிறீர்கள்?

அதோ, கையசைத்து என்னை உட்காரச் சொல்கிறாள். கட்டு அவிழ்த்த கைதான் அது. இதோ முடித்துவிட்டேன் மக்கா.

சபையோரே, அவள் மேல் விழுந்த பழியை என் மேல் எழுதுங்கள். பெண்பிள்ளைகளின் போட்டிக்காகக் கை உயர்த்துங்கள். பொறுமையாகக் கேட்ட பெரியோருக்கும், கண் துடைத்துக்கொண்ட தாய்மார்களுக்கும், மைக் பிடிக்க இடம் தந்த தலைவருக்கும் என் நன்றி. போகுமுன் ஒரே விண்ணப்பம்: அந்தப் படத்தை இறக்கிவிட்டுப் புதுப்படம் ஒன்று ஒட்டுங்கள். மாலை போட்டு நிறுத்திவைத்து எடுக்காதீர்கள். மூன்றாம் வளைவில், அவள் அந்தரத்தில் இருக்கும்போது எடுங்கள். பாதையில் நான் நிற்க மாட்டேன். வணக்கம்.