சுத்த மறுத்த பிரஷ்

ஸ்ரீதரன்: ...மறுபடியும் நின்னுடுச்சா?

மல்லிகா: நின்னுடுச்சுங்க. மோட்டார் ஓடுது, தூசியும் இழுக்குது. கீழ இருக்கிற பிரஷ் மட்டும் சுத்த மாட்டேங்குது.

புஷ்பம்: போன வாரமும் இதே கததானே. அதுக்கு முந்தியும் இதே கத. ஏன் தம்பி, ஒங்களுக்கு வேக்கியூம் மிஷின் திருத்தத் தெரியுமா, இல்ல ரேடியோ மட்டுந்தானா?

ஸ்ரீதரன்: இவங்க...

மல்லிகா: எங்க அக்கா, புஷ்பம். வராதன்னுதான் சொன்னேன்.

புஷ்பம்: அவ வராதன்னு சொன்னதாலதான் வந்தேன். இன்னிக்கு மழை, ரப்பர் மலையில பால் வெட்டு இல்ல. சரி, என் தங்கச்சிய இந்தப் பாரத்தோட கஹவத்தை டவுனுக்கும் தோட்டத்துக்கும் அலைய வைக்கிற ரிப்பேர் பாஸ் யாருன்னு பாத்துட்டுப் போவோம்னு...

ஸ்ரீதரன்: உக்காருங்கக்கா. பிளேன்டி சொல்லவா?

புஷ்பம்: டீ எல்லாம் பெறகு. இவ வேல செய்யிற பங்களாத் தொரை என்ன சொல்லியிருக்காரு தெரியுமா? சொல்லுடி.

மல்லிகா: இந்தத் தடவையும் சரி வரலைன்னா, இத வீசிட்டு கொழும்புல புதுசு வாங்கப் போறாராம். அதுல ஏதும் பழுதுன்னா கடைக்காரங்களே பங்களாவுக்கு வந்து பாப்பாங்களாம்.

ஸ்ரீதரன்: அப்போ நீங்க... இங்க வர வேண்டி இருக்காது.

மல்லிகா: இருக்காது.

புஷ்பம்: ரெண்டு பேரும் என்ன, எழவு வீட்டுல நிக்கிற மாதிரி நிக்கிறீங்க? மிஷினத் தொறங்க தம்பி.

ஸ்ரீதரன்: தொறக்கிறேன். மொதல்ல பிளக்கக் கழட்டணும். கை வச்சிருக்கும்போது சுத்திட்டா வெரல் போயிரும்.

புஷ்பம்: அதுதான் சுத்தவே மாட்டேங்குதே.

ஸ்ரீதரன்: ஹரி, ஹரி... சரிதான். ஆனாலும் கழட்டணும்க்கா. இப்பிடித் தலகீழா திருப்பி... இந்தப் பூட்ட ஒரு சில்லறைக் காசு வச்சுத் திருகினாப் போதும். வந்துடுச்சு. இதுதான் பிரஷ் உருளை. பாத்தீங்களா, சுத்திவர முடி. முடி சிக்குனா உருளை இறுகிப் போயிரும்.

புஷ்பம்: யாரு முடி?

மல்லிகா: பங்களாவுல வந்து தங்குற வெள்ளைக்காரங்க முடியா இருக்கும்.

புஷ்பம்: நான் பங்களாவுக்குள்ள கால் வச்சதில்லதான். ஆனா முடி தெரியும். வெள்ளைக்காரங்களுக்கு இவ்ளோ கறுப்பாவா, முழ நீளத்துக்கா? தேங்கெண்ண வாசம் வேற.

மல்லிகா: அக்கா, சும்மா இரேன்.

ஸ்ரீதரன்: இப்ப வெள்ளைக்காரங்களும் தேங்கெண்ண பூசுறாங்களாம்...

புஷ்பம்: நீங்க வேலையப் பாருங்க. என்ன அது, வெட்டி எறியாம அவுத்துக்கிட்டு இருக்கீங்க?

ஸ்ரீதரன்: பிளேடு பட்டா பிரஷ் போயிரும்க்கா. அதோட இது... முடிச்சுப் போட்டிருக்கு.

புஷ்பம்: மிஷின் முடிச்சுப் போடுமா?

ஸ்ரீதரன்: சுத்துற வேகத்துல போடலாம்.

புஷ்பம்: ரெட்ட முடிச்சா?

மல்லிகா: நான் ஸ்டாண்டுக்குப் போயி பஸ் கேட்டுட்டு வரேன்.

புஷ்பம்: நில்லுடி. பஸ் எங்கயும் ஓடிறாது. ஏன் தம்பி, அந்த ரேடியோவுக்குப் பின்னால இருக்கே ஒரு டிபன் பெட்டி... மூடியில நெளிவு. எங்க வீட்டுலயும் ஒன்னு இருந்துச்சு. காணாமப் போயிருச்சு.

ஸ்ரீதரன்: அது... கழுவித் தாறதுக்குத்தான் வச்சிருக்கேன்.

புஷ்பம்: ரொட்டியா?

ஸ்ரீதரன்: ரொட்டியும் கட்டச் சம்பலும்.

புஷ்பம்: அதானே, வீட்டுல சம்பல் குறையுதேன்னு நான் எலிப்பொறி வாங்க இருந்தேன். சரி, முடி எடுத்தாச்சா? போட்டுக் காட்டுங்க.

ஸ்ரீதரன்: கையால சுத்திப் பாருங்க, உருளை லேசா ஓடுது. இப்ப பிளக்க மாட்டி... போடுறேன்.

புஷ்பம்: சத்தம் வருது. பிரஷ் நிக்குதே. முடி இல்லாமலே நிக்குது.

ஸ்ரீதரன்: அப்ப பெல்ட்டா இருக்கும். மோட்டார்ல இருந்து உருளைக்கு ஒரு ரப்பர் பெல்ட் போகுது. அது தளர்ந்தா மோட்டார் தன்பாட்டுல ஓடும், பிரஷ் நிக்கும்.

புஷ்பம்: அந்த பெல்ட்டக் கழட்டி இங்க குடுங்க. காலையில எந்திரிச்சா ரப்பரோட பொழங்குறவ நான். ...இது என்ன? இழுத்தா இழுத்த எடத்துலயே நிக்குது, திரும்பி வரல. செத்த ரப்பர். போன வாரம் புது பெல்ட் போட்டதா சொன்னாளே?

ஸ்ரீதரன்: அது... பெல்ட் போட்டேன்தான்க்கா.

புஷ்பம்: ஒங்களுக்கு வேல தெரியலைன்னா சொல்லிருங்க, நான் இரத்தினபுரிக்குக் கொண்டு போயிக்கிறேன். வேல தெரியும்னா, தெரிஞ்சவன் எதுக்கு இதப் போடணும்?

மல்லிகா: அவருக்கு வேல தெரியும்க்கா. பெக்டரி மோட்டாரே இவருதான் திருத்திக் குடுத்தாரு.

புஷ்பம்: ஒன்னக் கேக்கல.

ஸ்ரீதரன்: வேல தெரியும்க்கா. தெரிஞ்சுதான் போட்டேன். புது பெல்ட் இந்த மேச லாச்சியிலதான் இருக்கு. அதப் போட்டா வருசக்கணக்குல ஓடும். ஓடுனா... இவங்க வர மாட்டாங்க.

புஷ்பம்: வாயத் தொறந்து ஒரு வார்த்த கேட்டிருக்கலாமே.

ஸ்ரீதரன்: நாப்பது வயசுல எப்பிடிக் கேக்குறதுன்னு தெரியல. அவங்க பெல்ட்டப் பத்திக் கேட்டா பதில் வருது. வேற என்ன கேட்டாலும் நாக்கு ஒட்டிக்குது.

புஷ்பம்: அடப் பாவி மனுஷா. இந்தப் பாரத்த மழையில சுமந்துக்கிட்டு வந்தாளே.

ஸ்ரீதரன்: தப்புதான். மல்லிகா... கோவமா?

மல்லிகா: மொதல்ல புது பெல்ட்டப் போடுங்க.

புஷ்பம்: கோவந்தான்.

ஸ்ரீதரன்: போடுறேன்... போட்டாச்சு. பாருங்க.

புஷ்பம்: ஐயோ, என்னா வேகம். என் சீலையப் புடிச்சு இழுக்குது, நிப்பாட்டுங்க.

ஸ்ரீதரன்: இனி நிக்காதுக்கா.

புஷ்பம்: அப்போ இவ இங்க வரத் தேவையில்ல. நீங்க அங்க வரணும். ஞாயித்துக்கெழமை எங்க லயத்து வீட்டுக்கு வந்து எங்க அப்பாகிட்டப் பேசுங்க. ஏய், என்னடி தலையக் குனிஞ்சுக்கிட்ட? வரச் சொல்லவா, வேணாமா?

மல்லிகா: ...நான் வேணாம்னு சொல்லலையே.

ஸ்ரீதரன்: வரேன்க்கா. அப்பிடியே பங்களாவுக்கும் போயி மிஷின ஒரு தரம் ஓட்டிப் பாத்துடுறேன். இந்த பிரஷ் கார்ப்பெட்டுக்குன்னே செஞ்சது. கார்ப்பெட் தடிப்புன்னா கொஞ்சம் ஒசத்தி வைக்கணும். மல்லிகா, அங்க இருக்கிறது எப்பிடிப்பட்ட கார்ப்பெட்?

மல்லிகா: கார்ப்பெட்டே இல்லைங்க. பங்களா முழுக்க செவப்பு சிமெந்துத் தரை... நான் என்னிக்கும் தும்புத்தடியாலதான் கூட்டுறது. மிஷின எடுக்கிறதே இங்க கொண்டு வரத்தான்.