பொடியின் மேல் குற்றமில்லை

விசிறியைக் கொஞ்சம் குறைக்கச் சொல்லுங்கள் சார், எனக்குச் சீக்கிரம் சளி பிடித்துக்கொள்ளும். மலையாளத்திலேயே சொல்லலாம்; கரமனையில் பிறந்து வளர்ந்தவள், பள்ளிக்கூடத்தில் படித்ததெல்லாம் அதில்தான். ஆனால் நீங்கள் பாறசாலைக்காரர், தமிழ் நன்றாகத் தெரியும் என்கிறீர்கள். வீட்டில் பேசுகிற மொழியில் சொன்னால் எனக்கும் பிசகு வராது.

என் பெயர் ஆஷா. இந்த ஊரில் ஓர் ஆராய்ச்சி நிலையத்தில் முனைவர் பட்டத்துக்கு ஆய்வு செய்கிறேன். தொழிற்சாலைப் புகையிலிருந்து கரியமில வாயுவை மட்டும் பிடித்துவைத்துக்கொள்கிற ஒரு பொடியைச் செய்திருக்கிறேன். சூடாக்கினால் பிடித்ததை விட்டுவிடும், மறுபடி பயன்படுத்தலாம். பார்க்க அரிசிமாவு மாதிரி இருக்கும். வந்த வரன்களையெல்லாம் அதற்காகத்தான் தள்ளிப்போட்டேன். அப்பா தவறியபோதுகூடக் காரியங்கள் முடிந்த மறுநாளே ஆய்வகத்தில் இருந்தேன். பரிதாபத்துக்காகச் சொல்லவில்லை, நான் வேலை செய்கிற விதத்தைச் சொல்கிறேன்.

ஜெபமலர் எனக்குப் பின்னால் சேர்ந்தவள். அவள் அப்பாவுக்குச் சாலைக் கடைத்தெருவில் இரும்புக்கடை. நல்ல பெண். வீட்டிலிருந்து சாப்பாடு கொண்டுவரும்போது, எனக்கென்று மீன் படாத பாத்திரத்தில் தனியாக அவியல் கொண்டுவருவாள்.

ஒரு சிமெண்ட் ஆலை என் பொடியைத் தங்கள் புகைபோக்கியில் வைத்துப் பார்க்கச் சம்மதித்திருந்தது. அந்தச் சமயத்தில்தான் அவள் வந்து சொன்னாள். அதுவரை நாங்கள் உருளையில் வாங்கிய சுத்தமான வாயுவை வைத்தே சோதித்திருந்தோம். அவள் ஆலையின் நிஜப் புகையை விட்டுப் பார்த்திருக்கிறாள். அதில் கந்தகம் கலந்திருக்கும். சில சுற்றுகளிலேயே பொடி செத்துப்போகிறது, அப்புறம் எதையும் பிடிப்பதில்லை என்றாள்.

“எனக்க கணக்கு தப்பா இருக்கலாம் அக்கா. அதான் சாருக்கிட்ட சொல்லல்ல. ரெண்டு பேருமா ஒருக்க கூட பாத்துட்டுச் சொல்லலாம், இல்லியா?”

சார் என்றது எங்கள் வழிகாட்டி பஞ்சாபகேசனை.

“பாத்துடலாம் மலர். அவசரம் ஒண்ணுமில்லே” என்றேன்.

அவள் கணக்கு சரிதான். அவளுக்கு முன்பே நான் அதைப் பார்த்திருந்தேன்.

மறுநாள் மத்தியானம் வைத்துக்கொண்டோம். சோதனை அறை சின்னது. கதவில் ஒரு கண்ணாடி உண்டு. வாயு உருளைகள் வெளியே வராந்தாவில் நிற்கும், குழாய் உள்ளே போகும். எச்சரிக்கை மணியைப் பழுது என்று கழற்றிவைத்தது நான்தான். குழாயின் ஓர் இணைப்பைக் காலையிலேயே தளர்த்தியிருந்தேன். காற்றை வெளியே தள்ளுகிற மின்விசிறி ஓடினால் அளவு ஆடும் என்றேன், அவள் அதை நிறுத்தினாள். கதவைச் சாத்திக்கொண்டு தாழ்வான ஸ்டூலில் உட்கார்ந்தாள். கரியமில வாயு காற்றைவிடக் கனம். கீழேதான் தங்கும்.

நான் வராந்தாவில் வால்வைத் திறந்தேன்.

கண்ணாடி வழியாகப் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன். நெற்றியைத் தேய்த்துக்கொண்டாள். மூச்சு வாங்கியது. பாதி எழுந்து என்னைப் பார்த்தாள். இன்னும் கொஞ்சம் பொறு என்று கையைக் காட்டினேன். தலையாட்டிவிட்டு உட்கார்ந்துகொண்டாள். பெரியவர்கள் சொன்னால் கேட்கிற பெண். கதவைப் பூட்டவே இல்லை சார், அதையும் எழுதிக்கொள்ளுங்கள்.

அவள் சரிந்தபின் வால்வை மூடினேன். மூச்சைப் பிடித்துக்கொண்டு உள்ளே போய் இணைப்பைப் பழையபடி முறுக்கிவிட்டுத்தான் ஆட்களைக் கூப்பிட்டேன்.

அடக்கத்துக்குப் போயிருந்தேன். அவள் அம்மா எலிசாள் என் கையைப் பிடித்துக்கொண்டு, “எனக்க மவ எப்பளும் உங்க பேச்சுதான் பேசுவா” என்றாள். நானும் அழுதேன். அது நடிப்பில்லை.

யாருக்கும் என்மேல் சந்தேகம் வரவில்லை. நீங்கள் கூப்பிட்டு நான் வரவில்லை என்பது உங்களுக்கே தெரியும். நானாகத்தான் ஆட்டோ பிடித்து ஸ்டேஷனுக்கு வந்தேன். காரணத்தைச் சொல்லிவிடுகிறேன்.

விசாரணைக் குழுவின் அறிக்கை போன வாரம் வந்தது. பொடி தான் பிடித்துவைத்திருந்த வாயுவைத் திடீரென்று வெளியே விட்டதால்தான் மரணம் என்று எழுதியிருக்கிறார்கள். பேப்பரில் ‘கொலைகாரப் பொடி’ என்று தலைப்பு. ஆலை ஒப்பந்தத்தை ரத்து செய்துவிட்டது. பஞ்சாபகேசன் சார் மிச்சமிருந்த பொடியை அழித்துவிடச் சொல்லிவிட்டார்.

நான் பேசாமல் இருந்திருப்பேன். ஆனால் ஆராய்ச்சியில் பொய்யை நிற்க விடக் கூடாது. ஒரு கைப்பிடிப் பொடி, ஓர் ஆளைக் கொல்லும் அளவு வாயுவை எங்கே சார் வைத்திருக்கும்? கந்தகம் ஒத்துக்கொள்ளாது, அது வாஸ்தவம். புகையை முதலில் கழுவி அனுப்பினால் தீர்ந்தது. அதற்காக இவ்வளவு பெரிய பழியா? வால்வைத் திறந்தது நான். என் பொடி ஒரு பாவமும் செய்யவில்லை.

ஜெபமலர் இருந்திருந்தால் நான் இவ்வளவு தூரம் வந்திருக்கவே வேண்டாம். அவளே எழுந்து எனக்காகச் சொல்லியிருப்பாள்.