பன்னிரண்டு நிமிட இடம்

128 ஜி.பி. போன் நல்ல போன்தான் சேர். அதை முதலில் சொல்லிவிடுகிறேன். என்னுடையது மழையில் நனைந்திருக்கிறது. ஒருமுறை தேயிலைச் செடிக்குள் விழுந்து அரை நாள் கிடந்திருக்கிறது. ஒன்றும் ஆகவில்லை.

பேசச் சொன்னால் எனக்கு வராது என்பதை நேற்றே பார்த்தீர்கள். பேப்பரும் பேனையும் கொடுத்து, "சரி, எழுதியாவது தாங்க" என்று சொன்னது நல்லதாய்ப் போயிற்று. பல்கலைக்கழகத்திலும் இப்படித்தான். வாய்மொழிப் பரீட்சையில் கடைசி, எழுத்தில் முதல். பாடம் விலங்கியல். இப்போது எங்கள் தோட்டத்திலேயே பிள்ளைகளுக்கு விஞ்ஞான வகுப்பு எடுக்கிறேன். பிள்ளைகளிடம் பேச வரும்.

நீங்கள் புத்தளம் பொலிஸிலிருந்து மாற்றலாகி வந்தவர் என்று கேள்விப்பட்டேன். அதனால் தோட்டத்து விஷயங்களைக் கொஞ்சம் விளக்கியே எழுதுகிறேன்.

நீங்கள் பிடித்து வைத்திருக்கும் அழகன் அண்ணனை வீட்டுக்கு அனுப்பிவிடலாம். அவர் ஆறாம் நம்பர் மலையில் துணி கட்டினார். செவ்வாய்க்கிழமை காலையில் கட்டினார். இதை நான் எழுதுவதே அதற்காகத்தான். ஆனால் முதலில் போனைப் பற்றிச் சொல்ல வேண்டும். இல்லாவிட்டால் மற்றது புரியாது.

போனை ஹட்டனில் நிரோஷன் அண்ணன் கடையில் வாங்கினேன். அதே மாதிரியில் பக்கத்தில் 256 இருந்தது. நான் அதையே பார்த்துக்கொண்டு நின்றதை அவர் கவனித்துவிட்டார்.

"என்னா தங்கச்சி, படம் எடுத்து ரிலீஸ் பண்ணப் போறீங்களா? 128 தாராளம். கெமரா ரெண்டுலயும் ஒண்ணுதான்."

அவர் பொய் சொல்லவில்லை. ஒரே கெமரா, ஒரே கண்ணாடி, ஒரே சிப்பு. வித்தியாசம் ஒரு பட்டனில் இருந்தது. தொழில்முறை வீடியோ என்று ஒரு வடிவம் அந்தப் போன்களில் உண்டு. சினிமாக்காரர்கள் எடுப்பதுபோல, எதையும் நசுக்காமல், கண்ட எல்லாவற்றையும் அப்படியே சேமிக்கும். 256-இல் அதை 4கே தெளிவில் எடுக்கலாம். 128-இல் அதில் கால்வாசித் தெளிவுதான். முடியாமல் அல்ல; கம்பெனி பூட்டுப் போட்டிருக்கிறது. காரணமும் சொல்கிறது. அந்த வடிவில் ஒரு நிமிடத்துக்கு ஆறு ஜி.பி. போகும், சின்ன போன் சீக்கிரம் நிரம்பிவிடும், ஆகவே உங்கள் நன்மைக்காக என்று.

எனக்கு இந்த நியாயம் பிடிபடவில்லை. பீப்பாய் சின்னது என்றால் சீக்கிரம் நிரம்பும், அவ்வளவுதானே. நிரம்பட்டும். நான் வந்து குழாயை மூடிக்கொள்வேன். பீப்பாய் சின்னது என்பதற்காகக் குழாயையே ஒல்லியாக்குவார்களா? எப்போது மூடுவது என்று எனக்குத் தெரியாதா?

இதெல்லாம் அப்போது பெரிய விஷயமாகப் படவில்லை. போன மாதம் ஒரு காட்டுயிர்க் குறும்படப் போட்டியின் அறிவித்தல் வந்தது. வெல்பவருக்கு ஒரு வருடம் படப்பிடிப்புக் குழுவுடன் காடுகளில் வேலை. யாரோடும் அதிகம் பேச வேண்டியதில்லை. விதிகளில் 'தொழில்முறை வடிவம், 4கே, விரும்பப்படும்' என்று இருந்தது. கடைசித் திகதி போன ஞாயிற்றுக்கிழமை.

அதற்கு முந்திய திங்கட்கிழமை ஆறாம் நம்பர் மலையில் கூட்டைப் பார்த்தேன்.

குளவிக்கூட்டை நீங்கள் அருகில் பார்த்திருக்க மாட்டீர்கள். அழகானது சேர். மரத்தை மென்று, எச்சிலில் குழைத்து, தாளாக்கிக் கட்டுகின்றன. பழுப்பும் வெள்ளையுமாய் வரி வரியாக இருக்கும். வழக்கமாக உயர்ந்த மரத்தில்தான் தொங்கும். இது கான் என்கிற வடிகாலின் ஓரத்தில், கவாத்து வெட்டத் தவறிய ஒரு பழைய தேயிலைச் செடிக்குள், என் இடுப்பு உயரத்தில் இருந்தது. ஒரு பலாக்காய் அளவு. காலை எட்டு மணிக்குப் பனி விலகியதும் இருபது நிமிடம் வெயில் நேராக அதன்மேல் விழுகிறது. இப்படி ஒன்று வாழ்நாளில் ஒரு தடவைதான் கிடைக்கும்.

என் போனில் ஒரு தூர லென்ஸை மாட்டி எடுத்துப் பார்த்தேன். இறக்கை நரம்புகள் கூழாய்த் தெரிந்தன.

இந்த இடத்தில் எங்கள் தோட்டத்து வழக்கம் ஒன்றைச் சொல்ல வேண்டும். மலையில், அதாவது தேயிலைக்குள், யாரும் குளவி என்ற சொல்லை வாயில் எடுப்பதில்லை. பேரைச் சொன்னால் கிளம்பி வரும் என்று நம்பிக்கை. கூட்டைக் கண்டவர் அந்தத் தேயிலை நிரை தொடங்கும் முனையில், தலைப்பில், ஒரு கம்பில் துணி கட்டிவிட்டுப் போய்விடுவார். அதைப் பார்த்ததும் செல்லசாமி கங்காணி அந்தப் பக்கம் ஆட்களை இறக்கமாட்டார். மாலையில் ஆண்கள் போய்ப் புகை போட்டுக் கூட்டை எரித்துவிடுவார்கள். யாரும் கேட்பதில்லை, யாரும் சொல்வதில்லை. எனக்குத் தெரிய ஆறு வருடமாக எங்கள் தோட்டத்தில் யாருக்கும் கொட்டுப்படவில்லை. எனக்கு மிகவும் பிடித்த வழக்கம். வாயைத் திறக்கவே வேண்டியதில்லை.

திங்கட்கிழமை நான் துணி கட்டவில்லை. கட்டியிருந்தால் அன்று மாலையே கூடு சாம்பல். நான் கணக்குப் போட்டுப் பார்த்தேன். ஆறாம் நம்பரில் கொழுந்து எடுத்து இரண்டு நாள்தான் ஆகியிருந்தது. அடுத்த சுற்று மறு செவ்வாய். என் சிநேகிதி தனுஜா நுவரெலியாவில் ஒரு ஸ்டூடியோவில் வேலை செய்கிறாள். அவளிடம் அதே போன், 256. வெள்ளிக்கிழமை வாங்கி, சனிக்கிழமை எடுத்து, ஞாயிறு அனுப்பி, திங்கட்கிழமை துணி கட்டிவிடலாம். ஒரு நாள் மிச்சம். எல்லோருக்கும் பாதுகாப்பான திட்டம்.

செவ்வாய்க்கிழமை அழகன் அண்ணன் கான் சுத்தம் பண்ணப் போயிருக்கிறார். கூட்டைப் பார்த்திருக்கிறார். முறைப்படி துணி கட்டிவிட்டு, மச்சினன் கல்யாணத்துக்கு டயகமவுக்கு பஸ் ஏறிவிட்டார். வாயால் யாரிடமும் சொல்லவில்லை. ஏன் சொல்லவில்லை என்று நீங்கள் அவரைத் திரும்பத் திரும்பக் கேட்டதாக அறிந்தேன். எங்கள் தோட்டத்தில் யாரும் சொல்லியிருக்க மாட்டார்கள்.

புதன்கிழமை செல்லசாமி கங்காணி அந்த வழியாகப் போனார். துணி எதையும் பார்க்கவில்லை. அதுவும் உண்மை. இரண்டு பேரில் யார் பொய் சொல்கிறார் என்று இரண்டு நாளாகத் தேடுகிறீர்கள். இரண்டு பேருமே சொல்லவில்லை.

துணி என்னிடம் இருக்கிறது. சிவப்பு, அழகன் அண்ணன் மனைவியின் பழைய சேலைக் கரை. சேறாக இருந்தது. துவைத்து மடித்து வைத்திருக்கிறேன். திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.

வெள்ளிக்கிழமை ராகலை பஸ் ஸ்டாண்டில் தனுஜாவைச் சந்தித்தேன். சிம்மை மாற்றிக்கொண்டோம்.

"இந்தா புடி. கீழ போட்டே, ஒன்னைய நான் கீழ போட்டுருவேன்" என்றாள். "எழுவத்திரெண்டு ஜி.பி. காலியாக்கி வச்சிருக்கேன். எங்க சித்தி மக சாமத்தியச் சடங்கையே அழிச்சிட்டேன்டி ஒனக்காக."

"பன்னெண்டு நிமிஷம்" என்றேன்.

"எதுக்கு பன்னெண்டு நிமிஷம்? என்னத்த எடுக்கப் போற?"

"பூச்சி."

"அடிப்பாவி. பூச்சிக்காடி எங்க சித்தி மகள அழிச்சேன்?"

பஸ்ஸில் இருந்தவர்கள் திரும்பிப் பார்க்கும் அளவுக்குச் சிரித்தாள். எனக்கும் சிரிப்பு வந்தது. தனுஜாவுக்கு வேறெதுவும் தெரியாது. அதையும் குறித்துக்கொள்ளுங்கள்.

அன்று சாயந்தரம் பீலியில் தண்ணீர் பிடிக்கும்போது வேலாயி அக்கா வந்தார். எங்கள் லயத்தில் அடுத்த வீடு. எனக்கு ஓ.எல். பரீட்சை நடந்த நாட்களில் விடியற்காலை எழுப்பிவிட்டவர் அவர்தான்.

"என்னா கோசலா டீச்சரு, புதுப் போனா?"

"தனுஜாவோடதுக்கா."

"ஒன் போன்ல எடுத்தா நான் கருப்பா வர்றேன். இதுல எடு, செவப்பா வர்றேனான்னு பாப்போம்."

ஒரு படம் எடுத்துக் காட்டினேன். போனைத் தள்ளிப் பிடித்துப் பார்த்தார்.

"இதுலயும் அதே கருப்புதான். அப்ப போன் மேல குத்தமில்ல." குடத்தை இடுப்பில் தூக்கி வைத்தார். "நாளைக்கு வெள்ளனவே ஆறாம் நம்பர் மலைக்குப் போறோம். மழைக்கு முந்தி எடுத்துறணும்னு கண்டாக்கையா சொல்லிட்டாரு."

கண்டாக்கையா என்பது மலை வேலைகளைப் பார்க்கும் உத்தியோகத்தர்.

"செவ்வாக்கெழமதானேக்கா?"

"மாத்தியாச்சு. ஏன், நீ வந்து எனக்குக் கொழுந்து கிள்ளப் போறியா?"

"கவனமாப் போங்கக்கா" என்றேன். "வழுக்கும்."

இதை ஒரு எச்சரிக்கையாக எடுத்துக்கொள்ளலாம் என்று நினைக்கிறேன். கவனம் என்பது பொதுவான சொல்தான்.

வீட்டுக்கு வந்து யோசித்தேன். அவர்கள் எப்போதும் மேல் தலைப்பிலிருந்துதான் இறங்குவார்கள். கூடு கீழே, கான் ஓரத்தில். அங்கே வந்து சேர ஒன்பது மணியாவது ஆகும். என் வெயில் எட்டு இருபதுக்கு முடிந்துவிடும். பிறகு மேலே ஏறிச் சொல்லிவிடலாம். திட்டம் கொஞ்சம் இறுகியது, உடையவில்லை.

சனிக்கிழமை எட்டு மணிக்குப் பனி விலகியது. பதினைந்து மீற்றர் தள்ளி, அதே தூர லென்ஸை மாட்டிப் போனை முக்காலியில் நிறுத்தி, பச்சைப் பொலித்தீன் ஒன்றைப் போர்த்திக்கொண்டு உட்கார்ந்தேன். எட்டு மணி நான்கு நிமிடத்துக்குப் பதிவைத் தொடங்கினேன். சேர், அதை உங்களுக்குக் காட்ட வேண்டும். ஒவ்வொரு இறக்கையிலும் ஒவ்வொரு நரம்பும் தெரிந்தது. ஒரு குளவி கூட்டு வாசலில் ஈரத்தாளைப் பூசிக்கொண்டிருந்தது, கொத்தனார் மாதிரி.

ஒன்பதாவது நிமிடத்தில் பேச்சுக்குரல் கேட்டது. ஆறு பேர். கான் ஓரத்துப் பாதையால் வந்திருந்தார்கள். தலைப்பில் துணி எதுவும் இல்லாததால் அன்று கீழிருந்து தொடங்கச் சொல்லியிருக்கிறார்கள். முன்னால் வேலாயி அக்கா. அவர் கை எப்போதும் வேகம். கூட்டுக்கும் அவருக்கும் இடையே பத்துப் பன்னிரண்டு செடிகள்.

அப்போது ஏன் கூப்பிடவில்லை என்றுதான் நேற்று கேட்டீர்கள். மூன்று காரணங்கள். மைக் திறந்திருந்தது. இரண்டாவது, குளவிகள் அதிர்வுக்குத் தூண்டப்படும். நான் கத்தியிருந்தால் நிலைமை மோசமாகியிருக்கலாம். இது விஞ்ஞானம். மூன்றாவது, மூன்று நிமிட இடம் மிச்சம் இருந்தது. கை அசைத்திருக்கலாம் என்பீர்கள். பொலித்தீன் சரசரத்திருக்கும்.

செடிகள் அசைய அசைய, காவல் குளவிகள் ஒவ்வொன்றாக வெளியே வந்து இறக்கையை உயர்த்தி நின்றன. புத்தகத்தில் படித்திருக்கிறேன். பார்த்ததில்லை.

பன்னிரண்டாவது நிமிடத்தில் போன், இடம் இல்லை என்று காட்டிவிட்டுத் தானாக நின்றது. நின்ற உடனே கத்தினேன். "அக்கா, குளவி" என்றே கத்தினேன், மலையில் சொல்லக்கூடாத அந்தச் சொல்லை. உடனே கத்தினேன் என்பதை மற்ற ஐந்து பேரும் சொல்வார்கள். அந்த நேரம் வேலாயி அக்காவின் கை அந்தச் செடியின்மேல் இருந்தது.

கொழுந்து லொறியில்தான் ஏற்றினார்கள். ஐந்து பேர் ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேர்ந்தார்கள். வேலாயி அக்கா ராகலை தாண்டவில்லை.

எங்கே பிழை என்று பின்னோக்கி ஒவ்வொரு படியாகப் போய்ப் பார்த்தேன். எனக்கு அது பழக்கம். கண்டாக்கையா நாளை மாற்றினார். அது அவர் வேலை. அழகன் அண்ணன் வாயால் சொல்லவில்லை. அது வழக்கம். இப்படியே பின்னால் போனால் அந்தப் பட்டனில் வந்து நிற்கிறது. 128-ஐ அவர்கள் பூட்டாமல் விட்டிருந்தால் திங்கட்கிழமையே எடுத்து முடித்திருப்பேன். திங்கள் மாலை நானே துணி கட்டியிருப்பேன். பூட்டியது அவர்கள். இதை நீங்கள் அறிக்கையில் எழுதத்தான் வேண்டும்.

நீங்கள் கேட்டதற்குப் பதிலும் எழுதிவிடுகிறேன். துணியை அவிழ்த்தது நான். செவ்வாய் மதியம். நாள் மாறியது தெரிந்த பிறகும் கட்டாதது நான். துணி அப்போது என் பைக்குள்தான் இருந்தது. ஒன்பதாவது நிமிடத்தில் அவர்களைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்ததும் நான்.

படத்தை ஞாயிற்றுக்கிழமை அனுப்பிவிட்டேன். லயத்தில் எல்லோரும் மயானத்துக்குப் போயிருந்தார்கள். மடிக்கணினியில் ஏற்றிச் சத்தமில்லாமல் வெட்டி ஒட்ட முடிந்தது. போட்டிக்குக் கேட்டிருந்தது மூன்று நிமிடம்தான். கடைசி மூன்றை எடுத்துக்கொண்டேன். முதல் ஒன்பதில் குளவிகள் அவ்வளவு சுறுசுறுப்பாக இல்லை. முடிவில், இடது ஓரத்தில், கொழுந்து கிள்ளும் ஒரு கை ஒரு வினாடி வருகிறது. வெட்டியிருக்கலாம். வெளிச்சம் நன்றாக இருந்ததால் விட்டுவிட்டேன். கருப்பாகவே இல்லை.

தனுஜாவின் போன் உங்கள் மேசையில் இருக்கிறது. திறந்தால், இடம் இல்லை, எதையாவது அழியுங்கள் என்று கேட்கும். தயவுசெய்து எதையும் அழிக்க வேண்டாம் சேர். போட்டி முடிவு இன்னும் வரவில்லை.