விற்றதும் வைத்ததும்

— என்னங்க, ஸ்டூலை ஒழுங்காப் புடிங்க. ஒரு கையை ஆட்டிப் பேசிக்கிட்டு ஒரு கையால புடிச்சா நான் ஃபேனோட சேந்து சுத்துவேன்.

— புடிச்சுக்கிட்டுத்தான்டி இருக்கேன். நான் கேட்டதுக்கு நீ இன்னும் பதிலே சொல்லல.

— எதுக்கு?

— நான் வேலையை விடறதுக்கு! திங்கக்கிழமை லெட்டர் குடுக்கப் போறேன். இருபத்திரெண்டு வருஷம் லிஃப்ட் ரிப்பேர் பண்ணியாச்சு. கண்டவனெல்லாம் மேல போனான், நான் மட்டும் கீழே அந்தக் குழிக்குள்ள கிரீஸ் கையோட நிக்கிறேன். போதும்டா சாமி. இனிமே காலைலேருந்து சாயங்காலம் வரைக்கும் ஷேர் மார்க்கெட்தான்.

— சரி, அப்புறம்? சாப்பாட்டுக்கு?

— உன் ஆஸ்பத்திரிச் சம்பளம் இருக்கே! கணக்குப் பாரு, ரெண்டே வருஷம் நீ வீட்டை ஓட்டு. அதுக்குள்ள உன்னை ராணி மாதிரி வச்சுக்கறேனா இல்லையா பாரு.

— ராணியை அப்புறம் பாத்துக்கலாம். அந்த ஈரத்துணியை எடுங்க. இன்னைக்கு மார்க்கெட் லீவு, அதனாலதான் எனக்கு ஸ்டூல் புடிக்கவே ஆள் கிடைச்சுது.

— கிண்டலா? பதினாலு வருஷமா டிரேடிங் பண்றேன்டி. எனக்குன்னு ஒரு முறை இருக்கு. வாங்கணும், ஏறினதும் வித்துட்டு வெளியே வந்துடணும். உங்க அண்ணன் மாதிரி வாங்கிப் போட்டுட்டுக் குறட்டை விடற ஆள் நான் இல்ல.

— ஆமா, உங்களுக்குத்தான் தூக்கமே வராதே.

— வரக் கூடாது! முழிப்பா இருக்கிறவனுக்குத்தான் காசு. அந்தப் பெயிண்ட் கம்பெனி பங்கு ஞாபகம் இருக்கா? பதினோரே நாள், பதினெட்டு சதவீதம் லாபம். யாரு எடுப்பா?

— ஞாபகம் இல்லாம என்ன? கேக் வாங்கிட்டு வந்தீங்க. "வித்துட்டேன், வித்துட்டேன்"னு வாசல்லயே கத்தினீங்க. பக்கத்து வீட்டம்மா, நம்ம வீட்டைத்தான் வித்துட்டோமோன்னு ஓடி வந்தாங்க.

— அப்புறம் மருந்துக் கம்பெனி. அப்புறம் பம்பு கம்பெனி. நஷ்டத்துக்கு ஒண்ணாவது வித்திருக்கேனா? நீயே சொல்லு.

— வித்ததில்ல.

— ஆங்! அப்படி ஒத்துக்கோ.

— நஷ்டத்துல இருக்கிறதை நீங்க விக்கவே மாட்டீங்க. அந்த ஏரோப்ளேன் கம்பெனியை இழுத்து மூடி ஏழு வருஷம் ஆச்சு. இன்னும் வச்சிருக்கீங்க.

— அது... திரும்பி வரும்.

— ஏரோப்ளேனே இல்லைங்க, எது திரும்பி வரும்?

— பேச்சை மாத்தாதே!

— அந்தச் சர்க்கரை ஆலை? ஏறினதையெல்லாம் பதறியடிச்சு வித்துடறீங்க, இறங்கினதையெல்லாம் கட்டிக்கிட்டு அழறீங்க. வாங்கிப் போட்டுட்டு உக்காந்திருக்கிறது எங்க அண்ணன் இல்ல, நீங்கதான். என்ன, அழுகினதா பாத்து வச்சுக்கிட்டு உக்காந்திருக்கீங்க.

— ஏய்! எக்ஸ்ரே எடுக்கிறவளுக்கு மார்க்கெட்டைப் பத்தி என்னடி தெரியும்?

— உள்ள எங்க உடைஞ்சிருக்குன்னு பாக்கிறதுதாங்க என் வேலையே.

— பெரிய இவ! வாழ்க்கைல ஒரு பங்காவது வாங்கியிருக்கியா?

— முப்பத்தோரு கம்பெனி.

— என்னது?

— ஐயோ, ஸ்டூல்! விடாதீங்க! விழுந்தா என்னை நானேதான் எக்ஸ்ரே எடுத்துக்கணும்.

— முப்பத்தோரு கம்பெனியா? யாரு சொல்லிக் குடுத்தா? உங்க அண்ணனா?

— நீங்கதான்.

— நானா?

— நீங்க எதை வித்தாலும், மறுநாள் டீ குடிக்கப் போறப்ப கேன்டீன்ல உக்காந்து அதை நான் வாங்கிடுவேன். நல்ல கம்பெனியைப் பொறுக்க உங்களுக்குத் தெரியும், அதை நான் இல்லைன்னே சொல்ல மாட்டேன். கம்பெனி முதலாளி தும்மினாக்கூட உங்களுக்குத் தெரியுது. ஆனா கொஞ்சம் லாபத்தைக் கண்ணுல பாத்துட்டா கை அரிக்கும், வித்துடுவீங்க. மோசமானதை விக்க மாட்டீங்க. அப்ப நீங்க வாசல்ல நின்னு கத்தினா, அது நல்ல சரக்குன்னுதானே அர்த்தம்? வாங்கிப் போடுவேன். அப்புறம் தொடவே மாட்டேன்.

— பதினாலு வருஷமாவா?

— பன்னெண்டு. முதல் ரெண்டு வருஷம் நானும் உங்க முறையை நம்பினேன்.

— எல்லாமா ஏறிச்சு?

— நாலஞ்சு ஊத்திக்கிச்சு. போகுதுன்னு விட்டுட்டேன்.

— அந்தப் பெயிண்ட் கம்பெனி?

— இருக்கு. ஒன்பது மடங்கு.

— அடிப்பாவி! எங்கிட்ட ஒரு வார்த்தை சொன்னியா? புருஷன்னு நான் எதுக்கு இருக்கேன்?

— சொல்லியிருந்தா அதையும் வித்திருப்பீங்க.

— ஒன்பது மடங்கு... ஐயையோ. சரி. சரி, கணக்குப் பாரு. நல்லதுதான், ரொம்ப நல்லது! மொத்தத்தையும் எங்கிட்ட குடு. அவ்வளவு பெரிய தொகையை வச்சு ஒரே மாசத்துல நான்...

— குடுக்க மாட்டேன்.

— நீ வேற நான் வேறயாடி?

— இதுல வேறதான். வீட்டுச் செலவுல பாதி நான் குடுத்திருக்கேன், பொண்ணு படிப்புக்குக் குடுத்திருக்கேன், ஒரு மாசம் தவறல. மிச்சம் பிடிச்சது என்னோடது. ஜன்னல்கூட இல்லாத அந்த ரூம்ல ஈயக் கவசத்தைத் தோள்ல சுமந்துக்கிட்டு, "மூச்சை இழுங்க, அப்படியே நிறுத்துங்க, இப்ப விடுங்க"ன்னு பத்தொம்பது வருஷம் ஊருக்கெல்லாம் சொல்லியிருக்கேன். நான் ஒரு நாள் நிம்மதியா மூச்சு விட்டதில்ல. தினமும் அந்தக் கதவைத் தொறக்கிறப்ப எனக்கு எவ்வளவு வெறுப்பா இருக்கும் தெரியுமா?

— வெறுப்பா? நீ சொன்னதே இல்லையே.

— சொல்றதுக்கு நீங்க போன்லேருந்து தலையைத் தூக்கணுமே.

— சரி, போகட்டும். உன் பங்கை நீயே வச்சுக்கோ. எவ தயவும் எனக்கு வேணாம். என் முறைமேல எனக்கு நம்பிக்கை இருக்கு. திங்கக்கிழமை லெட்டர் குடுக்கத்தான் போறேன், ஜெயிச்சுக் காட்டத்தான் போறேன். மாசாமாசம் உன் சம்பளம் வந்தாப் போதும்.

— அது வராது.

— எது வராது?

— சம்பளம். நான் லெட்டர் குடுத்து மூணு மாசமாச்சு, நேத்துதான் கடைசி நாள். திங்கக்கிழமை நீங்க வேலைக்குக் கிளம்பறப்ப கதவை மெதுவாச் சாத்திட்டுப் போங்க. நான் தூங்கிக்கிட்டிருப்பேன்.