அரணையின் வால்

யுத்த காலம். அரக்கோணத்திலிருந்து திருத்தணிக்குப் போகும் ரயிலில் கூலிப் பெண்கள் இருவர் என் எதிரே உட்கார்ந்திருந்தார்கள். இளையவள்தான் ஆரம்பித்தாள்.

"அரணைக்கு ஞாபகம் வந்துடுமாக்கா?"

"இன்னாடி உளர்றே?"

"களை கொத்தசொல்ல ஒரு அரணையோட வாலைத் துண்டாக்கிட்டேன். வாலு தனியா துடிச்சிகினு கெடந்துது. அரணை என்னையே பாத்துட்டுப் போச்சு."

மூத்தவள் சிரித்தாள். "அது கடிச்சா பொழைக்க முடியாதுதான். ஆனா கடிக்க வந்ததையே மறந்துடும். வுடு."

"தெனம் அதே வரப்புக்கு வருதுக்கா. வாலு திரும்ப மொளைச்சிகினு வருது."

"எவ்ளோ?"

இளையவள் சுண்டுவிரலில் பாதியைக் காட்டினாள்.

"முழுசா மொளைச்சா, ஞாபகமும் வந்துடுமோன்னு பயமா இருக்குக்கா."

திருத்தணியில் இறங்கும்போதுதான் மூத்தவள் வாயைத் திறந்தாள்.

"நாளைலேர்ந்து எம் பக்கத்துல நின்னு களை கொத்தாதே."