ஒரே டேங்குல ரெண்டு மருந்து

தறி ஓடட்டும்ண்ணா, நிறுத்தாதீங்க. நான் கத்திப் பேசியே பழகுனவ. பாலசமுத்திரத்துல செங்கம்மா கொல்லையில பேசுனா ரோட்டுல கேக்கும்பாங்க. உங்கள ஒண்ணு கேக்கத்தான் வந்தேன், இல்லன்னு சொல்லல. ஆனா வெங்காயத்தச் சொல்லாம அதுக்கு வரமுடியாது.

ஒன்றர ஏக்கரா வெச்சோம். மழத்தண்ணி நின்னு, தாளெல்லாம் மஞ்சளாயி சாஞ்சிடிச்சி. பிடுங்கி அமுக்குனா கொழகொழன்னுது. நாத்தம்னா நாத்தம், நாய்கூட வரப்புல நடக்கல! உங்க பொண்ணு சிவசங்கரிதான் வெவசாயிங்களுக்குன்னு இருக்குற ரைத்து ஆபீசுலேர்ந்து வந்து பாத்துச்சி. பாக்டீரியாவாம். அழுவனது அழுவனதுதான், பிடுங்கித் தூரப் போடுங்க. தண்ணிய வடியவுட்டு காப்பர் மருந்து அடிங்க. பத்து நாள் கழிச்சி சூடோமோனாஸ் பொடிய மக்குன எருவுல கலந்து போடுங்கன்னு சொல்லிச்சி.

எம்புள்ள தரணி இருக்கானே, பெரிய புத்திசாலி! ரெண்டு வாட்டி எதுக்கு வேலன்னு ஒரே டேங்குல ரெண்டத்தையும் கலக்கி அடிச்சிட்டான். வந்து பாத்துச்சே உங்க பொண்ணு, அப்பப்பா! அந்தப் பொடி உயிருள்ளது, நல்ல பாக்டீரியா. காப்பருக்கு நல்லது கெட்டது தெரியுமா? உறை ஊத்துன பால அடுப்புல வெப்பியா நீன்னு கேட்டுச்சி. நீன்னு! அப்பவே எனக்குப் பொறி தட்டியிருக்கணும். நான் ஒரு வார்த்த சொன்னா மூஞ்சத் தூக்கிக்கிறவன், பல்லக் காட்டிகினு நிக்கிறான்.

அப்பறம் சொன்னபடி செஞ்சோம். இல்லண்ணா, முழுசாத் தப்பல. கால் ஏக்கரா போயிடிச்சி. மிச்சம் பொழச்சிகிச்சி. பையில இருக்குது பாருங்க, நேத்து பிடுங்குனது. எப்படிக் கல்லாட்டம் இருக்குது!

நோவு போயி ஒரு மாசமாச்சி. உங்க பொண்ணு மட்டும் வாரத்துக்கு ரெண்டு வாட்டி பயிரப் பாக்க வருது. பயிரப் பாக்குற பொண்ணு எம்புள்ள மூஞ்சையா பாத்துகினு இருக்கும், சொல்லுங்க?

ஒக்காருங்கண்ணா, எழுந்திரிக்காதீங்க. நாங்க பயிர் வெக்கிற கொல்லக்காரங்க, நீங்க தறிக்காரங்க, தெரியும். நகரியில மாப்பிள்ளைக்கா பஞ்சம்னு கேப்பீங்க, அதுவும் தெரியும். எனக்கும் பயமாத்தான் இருக்குது. ஆனா அந்தப் பொண்ண எனக்கு அவ்ளோ புடிச்சிடிச்சி.

யார் சொல்லி வந்தேனா? நானா வந்துடுவேனா? நைனாகிட்ட எனக்கு வாய் வரல அத்த, நீங்க போய்க் கேளுங்கன்னு காலையில போன் பண்ணி வரச்சொன்னதே உங்க பொண்ணுதாண்ணா. ஆபீசுக்கும் போவல. கதவாண்ட நின்னு கேட்டுகினுதான் இருக்குது.